பச்சைக் கோடும் ஜெயலக்ஷ்மி அக்காவும்

இடது உள்ளங்கையால் கம்ப்யூட்டர் திரையின் மேல்பக்கத்தை மறைத்துக்கொண்டு வலது கையால் மவுஸைத் தட்டுகிறார் ஜெயலக்ஷ்மி அக்கா. பக்கம் முழுதாக இறங்கும்வரை கையை எடுப்பதில்லை. டெலிபோன் லைனில் வரும் இணைப்பு என்பதால் அதற்குள் குக்கரில் ஒரு விசில் வந்துவிடும். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விலக்குகிறார். அடியில் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைக் கோடு. நேற்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இன்றும். "நாலுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்புகிறார். நான் காப்பி டம்ளருடன் பின்னால் நிற்பது தெரிந்ததும் முகம் ஒரு மாதிரியாகிவிடுகிறது.

"வெக்கங்கெட்ட பழக்கம் தம்பி. தினமும் பாக்கக் கூடாதுன்னுதான் நெனைக்கேன். கை தானா போகுது."

அந்தக் கோட்டைப் பற்றித் தெரியாத வாசகர்களுக்காக: கூகுள்காரர்கள் இலவசமாகத் தரும் ஒரு பட்டையை பிரவுசரில் பொருத்திக்கொண்டால், நீங்கள் திறக்கும் ஒவ்வோர் இணையதளத்துக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று பச்சை நிறத்தில் அது காட்டும். எத்தனை பேர் தங்கள் தளத்திலிருந்து உங்கள் பக்கம் கை காட்டுகிறார்கள், கை காட்டுகிறவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்பதை வைத்து மார்க். பெரிய மனிதர் ஒருவர் 'அவரைக் கேளுங்கள்' என்றால் அதற்குத் தனி மதிப்பு. தெருவோடு போகிறவன் சொன்னால் அதற்கும் ஏதோ கொஞ்சம் உண்டு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் இந்த மார்க் மாறும் என்று அக்காவிடம் பலமுறை சொல்லிவிட்டேன். "மாறாதுன்னு தெரியும். தெரிஞ்சா மட்டும் மனசு கேக்குமா?" என்பார்.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிறந்த ஊர் அம்பாசமுத்திரம். கணவர் நாகரத்தினம் கல்கத்தாவில் கிதிர்ப்பூர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். பேசினால் செலவாகிவிடும் என்பதுபோல் இருப்பவர். டாக்குரியாவில் ரயில் பாதையை ஒட்டிய கட்டடத்தில் இரண்டாவது மாடி அவர்கள் வீடு. சியால்தா லோக்கல் போகும்போதெல்லாம் மானிட்டர் லேசாக நடுங்கும். அக்கா அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே டைப் செய்வார். அந்தக் கம்ப்யூட்டர் மகள் படிப்புக்காக வாங்கியது. மகள் கல்யாணமாகிப் புனே போனதும் அது அக்காவுக்கு வந்து சேர்ந்தது. நான் மூன்றாவது மாடிக்காரன். காப்பீட்டு அலுவலகத்தில் மாற்றலாகி வந்தவன். கம்ப்யூட்டர் பற்றி அரைகுறையாகத் தெரியும் என்ற ஒரே தகுதியால் சனி, ஞாயிறுகளில் எனக்கு அங்கே டிகிரி காப்பி.

தளத்தின் பெயர் 'வேலூர் போகிறீர்களா?' என்று பொருள்படும் ஆங்கில வாசகம். கல்கத்தாவில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். இங்கே ஒருவருக்கு உடம்பில் பெரிதாக ஏதாவது என்றால், வீட்டில் முதலில் எடுப்பது மருந்துச் சீட்டை அல்ல, ரயில் அட்டவணையை. ஹவுராவில் ஏறி காட்பாடியில் இறங்குகிற பெட்டிகளில் பாதிப்பேர் நோயாளிகள், மீதிப்பேர் அவர்களுக்குத் துணைக்குப் போகிறவர்கள். அப்படிப் போகிற ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தில் தமிழ்க்காரர் யார் என்று விசாரித்து, அக்கா வீட்டு மணியை அடித்தார்கள். சொன்னதையே எத்தனை முறை சொல்வது? எழுதிப் போட்டுவிட்டார்.

நல்ல தளம். அதை நான் எங்கும் சொல்வேன். காட்பாடியில் எந்தப் பக்கம் இறங்குவது, ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் முதலில் நிற்பது, மீனும் சோறும் போடுகிற மெஸ் எங்கே, எதற்கும் ஒரு பை பொரி கையோடு கொண்டுபோங்கள், சாம்பாரில் சர்க்கரை இருக்காது, அதிர்ச்சி அடையாதீர்கள் என்றெல்லாம் போட்டிருப்பார். 'வலிக்குது', 'இன்னும் எவ்வளவு நேரம்', 'காரம் வேண்டாம்' என்று பெங்காலி எழுத்தில் தமிழ் வாக்கியங்கள். தமிழர்கள் தலையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டினால் 'ஆமாம்' என்று அர்த்தம், பயப்படவேண்டாம் என்று ஒரு குறிப்பும் உண்டு. பெங்காலிப் பகுதியை எழுதியவர் எதிர்வீட்டு ஷிப்ரா பௌதி. பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பௌதி என்றால் அண்ணி; தெருவுக்கே அவர் பௌதிதான். குண்டு குண்டான அவர் கையெழுத்தை ஸ்கேன் செய்து படமாகவே போட்டிருக்கிறார் அக்கா.

இத்தனையும் அக்கா நேரில் பார்த்ததும் பட்டதும். மகளுக்கு முதுகில் ஓர் ஆபரேஷன் என்று வேலூரில் தங்கி அலைந்தவர். அதனால் தளத்தின் அந்தப் பகுதியில் ஒரு வரிகூடத் தப்பில்லை. வினை வந்தது வேறு பக்கத்திலிருந்து.

பச்சைக் கோடு முதலில் ஒன்றில் இருந்தது. பிறகு ஊர்பேர் தெரியாதவர்களிடமிருந்து மெயில் வரத் தொடங்கியது. 'மதிப்பிற்குரிய மேடம், உங்கள் தளத்துக்கு எங்கள் தளத்தில் இணைப்புக் கொடுத்திருக்கிறோம். நீங்களும் கொடுத்தால் இருவருக்கும் நல்லது.' உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே அச்சில் போகிற மெயில். இதையெல்லாம் அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்றேன். அக்காவுக்கு அது மரியாதையாகப் படவில்லை.

"ஒருத்தர் நம்ம பேரைப் போட்டிருக்காவ. நாம சும்மா இருந்தா நல்லாவா இருக்கு? அடுத்த வீட்டுக்காரி பாயசம் குடுத்துவிட்டா, கிண்ணத்தை வெறுமனேயா திருப்பிக் குடுப்போம்? ஒரு கை சீனியாவது போட்டுல்லா குடுப்போம்."

அம்பாசமுத்திரத்துக் கிண்ணம் இணையத்தில் செல்லுமா என்று கேலி செய்தேன். செல்லும் என்று கோடு காட்டியது. இரண்டானது, மூன்றானது. அக்கா 'நண்பர்கள்' என்று தனிப் பக்கம் திறந்து, வந்தவர்கள் எல்லோருக்கும் இடம் கொடுத்தார். ஹைதராபாத்தில் முத்து விற்கிறவர், கனடாவில் மாத்திரை விற்கிறவர், யாரோ ஒரு ஜோசியர். இணைப்பை மட்டும் கொடுத்திருந்தாலாவது பரவாயில்லை. "வெறும் பேரை மட்டும் போட்டா மொட்டையா இருக்கு" என்று ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். முத்துக்காரருக்கு, 'அழகான சரக்கு'. ஜோசியருக்கு, 'பொறுமையாகச் சொல்வார்'. வேலூரில் நோயாளிகளுக்கு அறை பிடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு ஏஜென்டுக்கு, 'நல்ல இடம், நம்பிப் போகலாம்.'

நாலு வந்த அன்று அக்கா கேசரி கிளறினார். "இங்க உள்ள நம்ம தமிழ்ச் சங்கத்துக்கே மூணுதான் தம்பி" என்று மெல்லிய குரலில் சொன்னார். சொன்ன வேகத்தில், "சே, என்ன பேச்சு இது" என்று நாக்கையும் கடித்துக்கொண்டார்.

பூஜை விடுமுறை முடிந்து, தெருவில் எல்லோரும் குளிருக்குப் பயந்து குரங்குக் குல்லாய்க்கு மாறியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் பிரிண்டரில் சிக்கிய தாளை நான் இழுத்துக்கொண்டிருந்தபோது ஷிப்ரா பௌதி வந்தார். உட்காராமலே பேசினார். கிருஷ்ணநகரில் இருக்கும் அவர் தங்கை புலுவும் அவள் புருஷனும் வேலூர் போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். புருஷனுக்குச் சிறுநீரகக் கோளாறு. கிளம்பும் சமயம் அக்கா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்ததால், கேட்டுக்கொள்ள ஆளில்லை. ஜாதவ்பூரில் ஒரு சைபர் கஃபேயில் அக்காவின் தளத்தை அச்செடுத்துத் தங்கையிடம் கொடுத்தவர் பௌதிதான். "எங்க ஜயா எழுதினது. கண்ணை மூடிக்கிட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறார். அக்கா அவருக்கு ஜயா.

அவர்கள் அந்த ஏஜென்டை நம்பிப் போனார்கள். காட்பாடியில் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நின்றான். அதுவே அவர்களுக்கு ஆறுதலாக இருந்ததாம். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு என்று சொல்லி ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் கொண்டுபோய் இறக்கினான். மறுநாள், இவர் இன்னும் பெரிய டாக்டர் என்று வேறு யாரிடமோ ஒரு மாடிப்படியேற்றிக் கூட்டிப்போனான். பாஷை தெரியாத இடம். ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் வாங்கிவைத்திருந்த தேதி தவறிப்போனது. அடுத்த தேதி கிடைக்கும்வரை காத்திருந்ததில் அவருக்குக் காலும் முகமும் வீங்கி, திரும்பும் ரயிலில் படுத்தபடியேதான் வந்தார். இப்போது கிருஷ்ணநகரிலிருந்து டயாலிசிஸுக்கு வந்து போகிறார். முதல் தேதியிலேயே பார்த்திருந்தாலும் இதே கதிதானோ என்னவோ, யாரால் சொல்ல முடியும்?

பௌதி அக்காவைக் குற்றம் சொல்ல வரவில்லை. அதுதான் கொடுமை. புலுவின் நேரம் சரியில்லை என்று வருத்தப்பட்டுக்கொள்ள வந்திருந்தார். கடைசியில் பெங்காலியில் கேட்டார்: "நீ தங்கினப்போ அந்த இடம் நல்லாத்தானே இருந்தது ஜயா? அப்புறம்தான் கெட்டுப்போச்சு போல."

அக்கா தலையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டினார்.

பௌதி போனபிறகு நான் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் ஆமான்னு சொல்லலியே தம்பி. தலையத்தானே ஆட்டுனேன்" என்றார் அக்கா. அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று பௌதியின் கையெழுத்திலேயே தளத்தில் போட்டு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எனக்கு அதை எடுத்துச் சொல்ல மனம் வரவில்லை. அவருக்கே அது அந்த நிமிஷம் உறைத்திருக்கவேண்டும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நானாகக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

வெட்கம் ஒரு மனுஷியை என்ன பாடு படுத்தும் என்பதை அதன்பிறகு பார்த்தேன். மீன்காரன் கூடையோடு வரும் நேரத்தில் பௌதி கீழே இறங்குவார் என்பதால், கத்தரிக்காய் வாங்கவந்த அக்கா படியிலேயே நின்று காத்திருப்பார். எதிர்வீட்டுக் கதவு திறக்கிற ஓசை கேட்டால் தன் கதவுத் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிடுவார். பௌதி அனுப்பிய நாரு, தேங்காயும் வெல்லமும் சேர்த்து உருட்டியது, டப்பாவோடு மேஜையில் கிடந்தது, தொடவில்லை. கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய துண்டு விழுந்துவிட்டது. நாகரத்தினம் சார் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அவளுக்கு என்னமோ ஆயிட்டு. சோறு எறங்கலை" என்றார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது.

பிறகு ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். துண்டை எடுத்துவிட்டு, 'நண்பர்கள்' பக்கத்தை அடியோடு அழிக்கச் சொன்னார். ஏஜென்டை மட்டும் எடுத்தால் போதுமே என்றேன். "முத்துக்காரரையும் நான் பாத்ததில்லை தம்பி. ஜோசியரையும் பாத்ததில்லை. அழகான சரக்குன்னு எந்த வாயாலே சொன்னேன்?" என்றார். அழித்தோம். முதல் பக்கத்தின் தலையில் அவரே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்: இங்கே முன்பு பரிந்துரைத்திருந்த சில இடங்களை நான் நேரில் பார்த்ததில்லை, என் சொல்லை நம்பிப் போய்த் துன்பப்பட்டவர்கள் மன்னிக்கவேண்டும். எழுதியதைப் பலமுறை திருத்தினார். 'சில' என்பதைப் 'பல' என்று மாற்றி, அது பொய் என்று மறுபடி 'சில' ஆக்கினார்.

கிண்ணம் திரும்பாததைக் கண்ட நண்பர்கள் ஒவ்வொருவராக அக்காவின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அடுத்தமுறை மார்க் மாறியபோது கோடு இரண்டுக்கு இறங்கியிருந்தது. அந்தக் காலையில் நானும் இருந்தேன். அக்கா கையால் மறைக்கவில்லை. நேராகப் பார்த்தார். "இதுக்கா தம்பி அவ்வளவும்?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

எனக்கு ஒரு கெட்ட வாய். "உலகத்துக்கே மன்னிப்புக் கேட்டாச்சு. எதிர்வீட்டுக்குத்தான் இன்னும் சொல்லலை" என்றேன். உண்மையில் அவருக்கு அதுதான் முள். பௌதியின் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அவர் அந்தக் குறிப்பைப் பார்க்கப்போவதில்லை என்பது அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று இன்னும் கேவலமாகவும் இருந்தது. இதை அவரே என்னிடம் சொன்னார். உங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது, "எழுதுங்க. பேரையும் போடுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க" என்று சொன்னதும் அவர்தான்.

போன சனிக்கிழமை பத்து மணிக்கு, பௌதி தன் பள்ளியில் வேலை செய்யும் ஓர் ஆசிரியையை அழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாளின் பெண்ணுக்கு வேலூரில் ஆபரேஷன். அவரே தளத்தை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். கெட்டிக்காரி, பென்சிலால் அங்கங்கே கோடு போட்டிருந்தார். தேநீர் வந்தது. அவர் முதல் பக்கத்தைக் காட்டி, "சில இடங்களை நேரில் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவை எவை?" என்று பெங்காலியில் கேட்டார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் பௌதி சிரித்தார். "அது அவள் அடக்கத்துக்கு எழுதினது. ஜயா கண்ணால் பார்க்காத எதையும் எழுதமாட்டாள். என் தங்கை போன இடம்கூட இவள் தங்கின இடம்தான். அவர்கள் கெட்டநேரம்."

ஒரு லோக்கல் ரயில் போனது. வழக்கம்போல் மானிட்டரைப் பிடித்துக்கொள்ள அக்கா எழவில்லை.

"இல்ல பௌதி" என்றார். முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு பெங்காலியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: அந்த இடத்தில் நான் தங்கினதில்லை. பார்த்ததும் இல்லை. யார் நடத்துகிறார்கள் என்றும் தெரியாது. அவன் என் பெயரைப் போட்டான், நான் அவன் பெயரைப் போட்டேன். நம்பிப் போகலாம் என்று நானாக எழுதினேன். அன்றைக்கு நீங்கள் கேட்டபோதும் பொய்யாகத் தலையாட்டினேன்.

பௌதிக்கு முதலில் புரியவில்லை. "அவன் எதற்கு உன் பெயரைப் போட்டான்?" என்று கேட்டார். மார்க்குக்காக என்றார் அக்கா. என்ன மார்க் என்று பௌதி கேட்க, அக்கா திரையில் அந்தச் சின்னக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். பௌதி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவைத்துக்கொண்டு குனிந்து அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எங்கள் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"புலுவிடம் நான்தானே சொன்னேன் ஜயா" என்றார் கடைசியில். "உன்னைப் பற்றி நான்தானே சொன்னேன்." எழுந்து, பள்ளித் தோழியிடம் போகலாம் என்று கண்ணால் சொன்னார். அந்த அம்மாள் அச்செடுத்த தாள்களை எடுப்பதா விடுவதா என்று ஒரு கணம் தயங்கி, எடுத்துக்கொண்டார். தேநீர் இரண்டும் அப்படியே இருந்தன. எதிர்வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும் சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

நானும் நழுவப் பார்த்தேன். "இருங்க தம்பி, தனியா முடியாது" என்றார் அக்கா. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தார். கிருஷ்ணநகர் எண் அவருக்கு மனப்பாடமாக இருந்தது; எத்தனை நாளாக மனப்பாடமாக வைத்திருந்தாரோ. சுழற்றினார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல் "ஹலோ?" என்றது எனக்கே கேட்டது. புலுவோ அக்காவைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.